செங் சுவான்யிங்: கடன் வாங்கிய உரையாசிரியரா?

பழஞ்சுவடி:
சீனத்தில் தாங் அரச காலத்தில் வாழ்ந்த தாவோ மத குரு செங் சுவான்யிங்குக்குச் சொந்தச் சரக்கே இல்லை, பௌத்தத்தை எடுத்துத் தாவோ வண்ணம் பூசினார் என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். படித்துவிட்டுச் சும்மா இருக்க மனம் வரவில்லை. 631இல் பேரரசர் தாய்சோங் அழைத்துத் தலைநகர் சாங்ஆனுக்குப் போனவர் அவர். தாவோ மதத்தின் மூலநூலான லாவோட்சுவுக்கு உரை செய்தார். இன்னொரு தாவோ நூலான சுவாங்ட்சுவுக்குக் குவோ சியாங் எழுதிய பழைய உரைக்கு வரிவரியாக விளக்கம் எழுதினார். இன்றும் சுவாங்ட்சுவில் ஒரு சொல் பிடிபடாவிட்டால் அந்த விளக்கத்தைத்தான் புரட்டுகிறோம்.

கூர்நோக்கு:
எழுதியவன் நான்தான் ஐயா. அவர் உழைப்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் "உண்டு, இல்லை, இரண்டும், இரண்டுமல்ல" என்று நான்கையும் தள்ளும் முறை இந்தியப் பௌத்த மெய்யியலாளர் நாகார்ஜுனருடையது. அதைச் சொல்லும் அவருடைய நூலை மொழிபெயர்ப்பாளர் குமாரஜீவர் 409இலேயே சீனத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். செங் அங்கிருந்து எடுத்தார்.

பழஞ்சுவடி:
கருவியை எடுத்தார், ஒப்புக்கொள்கிறேன். கேள்வி எங்கிருந்து வந்தது? லாவோட்சுவின் முதல் அதிகாரத்தின் கடைசியில் "மறைபொருள், மேலும் மறைபொருள்" என்று வருகிறது. ஒரே சொல் ஏன் இருமுறை வருகிறது? ஆசையுள்ளவன் 'உண்டு' என்பதில் சிக்குகிறான், ஆசையற்றவன் 'இல்லை' என்பதில் சிக்குகிறான். முதல் சொல் இந்த இரண்டு பிடிப்பையும் அறுக்கிறது என்கிறார் செங். அப்படி அறுத்ததையே ஒருவன் பிடித்துக்கொண்டால்? அந்தப் பின்நோய்க்குத்தான் இரண்டாவது சொல். 48ஆம் அதிகாரத்திலும் "குறை, மேலும் குறை" என்று அதே நடை வருகிறது. இது எந்த மடத்திலிருந்தும் வந்ததல்ல, மூலத்திலேயே கிடக்கிறது.

கூர்நோக்கு:
647இல் நடந்ததை மறந்துவிட்டீர்களே. லாவோட்சுவைச் சமஸ்கிருதத்தில் பெயர்க்க யுவான் சுவாங்குக்கு அரசாணை வந்தது. உடன் உட்கார்ந்த தாவோ குருமார்களில் செங்கும் ஒருவர். பொருள் சொல்ல அவர்கள் நீட்டியது நாகார்ஜுனர் மரபான மாத்யமிக நூல்களை! 'வழி' என்று பொருள்படும் 'தாவோ'வுக்கு, பௌத்தர்கள் ஞானத்தைக் குறிக்கும் 'போதி' என்ற சொல்லைப் போடச் சொன்னார்கள். யுவான் சுவாங் மறுத்து 'மார்க்கம்' என்றார். தன் மதத்தின் தலைச்சொல்லுக்கே அடுத்த வீட்டுச் சொல்லைக் கேட்டவர்களை என்னவென்று சொல்வது?

நீரோட்டம்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். அந்தச் சம்பவத்தை எழுதிவைத்தவர் தாவோசுவான் என்ற பௌத்தத் துறவி. எதிர்த்தரப்பின் வாக்குமூலம் நம்மிடம் இல்லை. செங்கின் லாவோட்சு உரையே முழுதாகத் தங்கவில்லை. பிற்காலத் தொகுப்புகளில் சிதறிக் கிடந்ததை 20ஆம் நூற்றாண்டில் மெங் வென்தோங் என்ற அறிஞர் பொறுக்கிச் சேர்த்தார். ஒரு தரப்பின் குறிப்பை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதுவது நியாயமில்லை.

கூர்நோக்கு:
சரி, அதை ஓரமாக வைக்கிறேன். 'மறைபொருள்' என்ற சொல்லையே பிடித்துக்கொள்ளக் கூடாது என்ற எண்ணம் குமாரஜீவருக்கு முந்திய உரை எதிலாவது உண்டா? காட்டுங்கள், என் பேச்சைத் திரும்பப் பெறுகிறேன்.

பழஞ்சுவடி:
லாவோட்சுவுக்கு உரை எழுதிய வாங் பி. 249இல் இறந்தவர், குமாரஜீவருக்கு ஒன்றரை நூற்றாண்டு முந்தியவர். அதே வரிக்கு அவர் உரையைப் பாருங்கள்: ஒரே 'மறைபொருளில்' நிறுத்திவிட்டால் அது வெறும் பெயராகிவிடும், விலகிப் போய்விடுவோம், அதனால்தான் மறுபடியும் சொன்னது என்கிறார்.

கூர்நோக்கு:
எடுத்துப் பார்த்தேன். இருக்கிறது. 'சொந்தச் சரக்கே இல்லை' என்றதைத் திரும்பப் பெறுகிறேன். 'பின்நோய்' என்று அதற்கு மருத்துவம் பார்த்தது மட்டும் பௌத்தத்தின் கை என்றே இன்னும் நினைக்கிறேன்.