எல்லாருக்கும் இலவச வைத்தியம்: எம்.எல்.ஏ., எம்.பி.க்கு எழுதிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

அம்பை வாத்தியார்:

சுகாதாரத் துறையின் மானியக் கோரிக்கை, அதாவது துறையின் செலவுக்குச் சபையில் ஒப்புதல் கேட்பது, சட்டசபைக்கு வரும் முன்பே எழுதிவிட வேண்டும் என்று எங்கள் தெருவில் நாலைந்து பேர் சேர்ந்து பேசினோம். கேட்டது ஒன்றுதான். அரசு ஆஸ்பத்திரியில் அட்டை, வருமானச் சான்று எதுவும் கேட்காமல் எல்லாருக்கும் முழு வைத்தியமும் இலவசமாகக் கிடைப்பதைச் சட்டப்படி உரிமையாக்க வேண்டும், அதற்காக எங்கள் உறுப்பினர் சபையில் பேச வேண்டும்.

கடிதத்தைத் தொகுதி அலுவலகத்தில் நேரில் போய்க் கொடுத்தோம். உதவியாளர் தம்பி மரியாதையாக உட்கார வைத்தார். "சொல்லுங்க அண்ணாச்சி, வீட்டுல யாருக்குச் சொகமில்ல? பாளை ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரில பெட்டு வேணுமா, மதுரைக்கு லெட்டர் வேணுமா?" என்று கேட்டுக்கொண்டே லெட்டர்பேடை எடுத்து வைத்தார். பக்கத்திலேயே முத்திரை, மைப்பெட்டி. பெயரும் வார்டும் சொன்னால் போதும், எழுதித் தந்துவிடுவார். "எங்க வீட்டுல யாருக்கும் ஒண்ணுமில்ல தம்பி, எல்லாருக்காவயும்தான் கேக்கோம்" என்றதும் பேனாவை மூடி வைத்துவிட்டு எங்கள் கடிதத்தை முதல் வரியிலிருந்து மறுபடி படித்தார்.

அந்தத் தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரி என்றதும் சிபாரிசுக் கடிதம் என்றுதான் நம் ஊர்ப் பக்கம் பழகியிருக்கிறது. ஆள் தெரிந்தவன் கடிதம் வாங்கிவிடுவான். மலையில் காரையார், சேர்வலாறு பக்கத்துக் காணிப் பழங்குடி மக்கள் பாபநாசம் இறங்கி வந்து யாரிடம் போய்க் கடிதம் கேட்பார்கள்? யாருடைய கடிதமும் தேவைப்படாத ஆஸ்பத்திரிதான் எங்களுக்கு வேண்டும்.

அவரே ஒரு நல்ல விவரமும் சொன்னார். தொகுதி மேம்பாட்டு நிதியில் கட்டடம் கட்டலாம், டாக்டருக்கும் நர்ஸுக்கும் சம்பளம் கொடுக்க முடியாது. பணியிடம் பட்ஜெட் வழியாகத்தான் வர வேண்டும். உடனே அங்கேயே உட்கார்ந்து கடிதத்தின் அடியில் ஒரு கேள்வியைச் சேர்த்தோம்: நம் தொகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் அனுமதித்த பணியிடம் எத்தனை, காலி எத்தனை? சமவெளியில் 30,000 பேருக்கு ஒன்று, மலைப்பகுதியில் 20,000 பேருக்கு ஒன்று என்பது மத்திய அரசு வகுத்த அளவு. நிலையம் இருந்து டாக்டர் இல்லாவிட்டால் அந்தக் கணக்கால் என்ன பயன்? இதைச் சபையில் வினாவாகக் கேட்டால் அமைச்சர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

முக்கூடல் பீடிக்காரி மகள்:

நானும் எழுதினேன் அண்ணாச்சி. "முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே, அட்டை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று பதில் வந்தது. அட்டை எங்களிடம் இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் தருகிறார்கள், 5 லட்சம் வரை வைத்தியம். பெரிய ஆபரேஷன் என்றால் அது பெரிய உதவி, இல்லை என்று சொல்லவே மாட்டேன். ஆனால் அது பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்ந்து படுத்தால்தான். அம்மா காலையில் இருந்து முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றுகிறாள். ராத்திரி இருமல் வந்தால் நாங்கள் போவது மருந்துக்கடைக்கு. அந்தச் செலவுக்கு அட்டை உதவாது. அதனால் மருந்துக்கடைச் சீட்டுகளைத் தேதி வாரியாக ஒரு தாளில் ஒட்டி, நகல் எடுத்து இன்னொரு கடிதம் அனுப்பினேன்.

கூடவே மக்களைத் தேடி மருத்துவம் பற்றியும் எழுதினேன். 2021-ல் வந்த திட்டம். பிரஷர், சுகர் மாத்திரை கொண்டுவரும் அக்கா, கார் நிற்கிற வீட்டுக்கும் போவார், எங்கள் வீட்டுக்கும் வருவார். யாரிடமும் வருமானம் கேட்பதில்லை. இதே மாதிரி எல்லா நோய்க்கும் வேண்டும் என்றேன். அப்புறம் ஒரு கோயில் கொடையில் எம்.எல்.ஏ.வை நேரில் பார்த்தபோது, "சீட்டு ஒட்டி அனுப்புன பிள்ளை நீதானாம்மா?" என்று அவரே கேட்டார்! சபையில் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். கூட்டத்தொடர் வரட்டும், பேசும் வரை விடப்போவதில்லை.

பாளையங்கோட்டைக்காரன்:

நான் எழுதியது எம்.பி.க்கு. சுகாதாரம் மாநிலப் பட்டியலில் வருகிறது, மாநில அரசைக் கேளுங்கள் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். பட்டியல் சரிதான். ஆனால் பொதுச் சுகாதாரத்துக்கு அரசுகள் செய்யும் செலவை 2025-க்குள் நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.5 சதவீதமாக உயர்த்துவோம் என்று 2017 தேசிய சுகாதாரக் கொள்கையில் எழுதியது மத்திய அரசு. அதைப் பாராளுமன்றத்தில் எம்.பி. கேட்காமல் வேறு யார் கேட்பது? இதை வைத்து மறுபடி எழுதியதும் கடிதத்தை அமைச்சகத்துக்கு அனுப்பியதாகத் தகவல் வந்தது.

மாநிலத்துக்கு எழுதுகிறவர்கள் ராஜஸ்தானைச் சொல்லுங்கள். 2023-ல் அங்கே சுகாதார உரிமைச் சட்டம் நிறைவேறியது. அவசரச் சிகிச்சைக்கு முன்பணம் கேட்கக் கூடாது என்பது அதில் முக்கியமானது. தனியார் டாக்டர்கள் கடுமையாக எதிர்த்தும் நிறைவேற்றினார்கள். நம்மிடம் 1939-லேயே பொதுச் சுகாதாரச் சட்டம் வந்துவிட்டது, ஆனால் அது குடிநீர், துப்புரவு, தொற்றுநோய் பற்றியது. மருந்து மொத்தமாக வாங்க 1994-ல் தனிக் கழகம் அமைத்து நாட்டுக்கே வழி காட்டிய மாநிலம் இது. சிகிச்சையை உரிமையாக்க நமக்கு முடியாதா?

சங்கரன்கோவில் தம்பி:

திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கலெக்டரிடம் கொடுத்தால் போதாதா அண்ணாச்சி?

அம்பை வாத்தியார்:

காலிப் பணியிடம், மருந்து இல்லை என்ற புகாருக்குக் கலெக்டரிடம் தாராளமாகக் கொடுங்கள் தம்பி. ஆனால் சட்டம் போடுவதும் பட்ஜெட்டுக்குக் கை தூக்குவதும் நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியவர். உங்கள் தொகுதிப் பெயரைக் கடிதத்தின் மேலேயே எழுதுங்கள், கொடுக்கும்போது நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வந்தால் இங்கே போடுங்கள், அடுத்து எழுதுகிறவருக்கு உதவும்.