அச்சுப்பொறிக்கு நோட்டீஸ் வந்ததா, வரவில்லையா?

மோடம்மணி:
நேற்று ஈரவிறகு போகிற போக்கில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனார்: "இணைய நிறுவனம் காப்புரிமை நோட்டீஸ் அனுப்பிவிட்டதா, கதை முடிந்தது. ஐபி முகவரி பொய் சொல்லாது. நோட்டீஸ் வந்தவன்தான் படத்தை இறக்கியவன்." இரவெல்லாம் உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால் தனித் திரி. (ஐபி முகவரி என்பது இணைய இணைப்புக்குத் தரப்படும் எண்.)

ஐயா, 2008இல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இதைத்தான் சோதித்து எழுதினார்கள். டோரண்ட் முறையில் ஒரு கோப்பை யார் யார் பகிர்கிறார்கள் என்று டிராக்கர் என்ற சர்வர் ஒரு பட்டியல் வைத்திருக்கும் அல்லவா? அதில் தங்கள் வளாகத்துக் கருவிகளின் ஐபி முகவரிகளைச் சும்மா பதிந்துவைத்தார்கள். அந்தக் கருவிகள் ஒரு பைட் கூட இறக்கவில்லை, ஏற்றவில்லை. ஆனாலும் நோட்டீஸ் வந்தது. சில நோட்டீஸ்கள் அச்சுப்பொறிகளுக்கு! அச்சுப்பொறி எந்தப் படத்தை ஐயா பார்த்தது?

ஈரவிறகு:
அச்சுப்பொறிக்கு நோட்டீஸ் வரவில்லை. பல்கலைக்கழகத்துக்கு வந்தது. அச்சுப்பொறியின் ஐபி முகவரியைக் குறிப்பிட்டு வந்தது. இந்த வித்தியாசம்கூடத் தெரியாமல் திரி தொடங்கிவிடுகிறார்கள்.

குறுக்குச்சால்:
சபாஷ். எனக்கு வரும் மின்கட்டண ரசீதும் எனக்கு வருவதில்லை, என் மீட்டருக்குத்தான் வருகிறது. இனிமேல் மீட்டரே கட்டிக்கொள்ளட்டும்.

மோடம்மணி:
சரி, பல்கலைக்கழகத்துக்கே வந்ததாக வைத்துக்கொள்வோம். உங்கள் வாதத்துக்கு அது இன்னும் மோசம். நோட்டீஸ் பெற்றவர் ஒருவர், ஐபி இன்னொன்றுடையது, குற்றம் யாருமே செய்யவில்லை. மூன்றும் மூன்று திசையில் நிற்கின்றன.

ஈரவிறகு:
முதலில் அச்சுப்பொறிக்கு வரவில்லை என்று ஒத்துக்கொள்ளுங்கள். அப்புறம் திசையைப் பார்க்கலாம்.

இரண்டாவது, அந்த ஆராய்ச்சியாளர்கள் வேண்டுமென்றே பொய் முகவரியைப் பதிந்தவர்கள். பூட்டை உடைத்துவிட்டு, பூட்டு சரியில்லை என்று புகார் சொல்வதுபோல. வீட்டில் உட்கார்ந்து படம் இறக்குகிறவன் அச்சுப்பொறியின் முகவரியைப் போட்டா இறக்குகிறான்?

கல்தூண்:
இருவருக்கும் ஒரு வேண்டுகோள். காப்புரிமை என்பது புதிய கண்டுபிடிப்புகளுக்குத் தரப்படுவது. படம், பாட்டு, புத்தகம் என்றால் பதிப்புரிமை. தலைப்பிலும் நோட்டீஸ் என்று இருக்கிறது. அறிவிக்கை என்ற நல்ல சொல் எதற்கு இருக்கிறது?

குறுக்குச்சால்:
வந்துவிட்டார். வீடு பற்றி எரியும்போது கூரைக்கு வலி மிகுமா மிகாதா என்று கேட்பவர்.

தாழ்வாரம்:
நான் கனடாவில் இருக்கிறேன். இங்கே சட்டம் எப்படி என்று சொல்கிறேன், அதற்கப்புறம் அச்சுப்பொறிக்கு வாருங்கள்.

பதிப்புரிமை வைத்திருப்பவர் (நன்றி கல்தூண்) இணைய நிறுவனத்துக்கு ஒரு நோட்டீஸ் அனுப்புகிறார். இந்த ஐபி, இந்தத் தேதி, இந்த நேரம், இந்தப் படைப்பு. அந்த நேரத்தில் அந்த முகவரி யாருக்குக் கொடுக்கப்பட்டிருந்தது என்று பார்த்து, நிறுவனம் அதைச் சந்தாதாரருக்கு அனுப்பிவைக்க வேண்டும். 2015 ஜனவரி 2 முதல் இது கட்டாயம். அனுப்பாவிட்டால் நிறுவனம் 5,000 முதல் 10,000 டாலர் வரை இழப்பீடு கட்ட நேரலாம். யாருடைய முகவரி என்ற பதிவை ஆறு மாதம் வைத்திருக்க வேண்டும், வழக்குப் போட்டால் ஓராண்டு. ஆனால் பெயரை நோட்டீஸ் அனுப்பியவரிடம் கொடுக்கக் கூடாது. பெயர் வேண்டுமென்றால் நீதிமன்ற உத்தரவு வேண்டும். ஆக, நோட்டீஸ் வந்தது என்பதற்கு அர்த்தம் ஒருவர் புகார் சொல்லியிருக்கிறார் என்பதுதான். தீர்ப்பு இல்லை.

மோடம்மணி:
அக்கா, கோடி நன்றி. கேட்டீர்களா ஈரவிறகு?

ஈரவிறகு:
கேட்டேன். "அந்த முகவரி யாருக்குக் கொடுக்கப்பட்டிருந்தது என்று பார்த்து" என்று அவரே எழுதியிருக்கிறார். அதாவது ஐபி ஒரு ஆளைக் காட்டுகிறது. நான் சொன்னதும் அதுதான். இதில் அச்சுப்பொறி எங்கே வந்தது?

தாழ்வாரம்:
ஆளைக் காட்டவில்லை. பில் கட்டுகிறவரைக் காட்டுகிறது.

ஈரவிறகு:
பில் கட்டுகிறவர் ஆள் இல்லையா?

நாலாம்மாடி:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்குப் போன மாதம் ஒன்று வந்தது. நான் கேள்வியே படாத ஒரு தொடரின் பெயர். வீட்டில் ஐந்து பேர், அதில் இரண்டு பேர் அறைக்கு வாடகை கொடுப்பவர்கள். கடவுச்சொல் எல்லோருக்கும் தெரியும். இணைய நிறுவனத்தைக் கூப்பிட்டால், "நாங்கள் அனுப்பிவைக்கிறோம், அவ்வளவுதான்" என்று வைத்துவிட்டார்கள். என் கேள்வி ஒன்றுதான். இதற்கு நான் பதில் எழுத வேண்டுமா, வேண்டாமா?

ஈரவிறகு:
ஐந்து பேரில் ஒருவர் இறக்கியிருக்கிறார் அல்லவா? அப்போது ஐபி பொய் சொல்லவில்லை. நன்றி, என் கட்சிக்கு ஒரு சாட்சி கிடைத்தது.

நாலாம்மாடி:
நான் சாட்சி சொல்ல வரவில்லை. பதில் எழுதணுமா என்று கேட்டேன்.

மோடம்மணி:
இதைத்தான் சொல்கிறேன்! ஐந்து பேர், ஒரு முகவரி. சில நிறுவனங்களில் இன்னும் வேடிக்கை. ஐபிவி4 என்ற பழைய வகை முகவரிகளின் பற்றாக்குறையால் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் அடைத்துவைக்கிறார்கள். நோட்டீஸில் இணைப்பைப் பிரித்துக்காட்டும் போர்ட் எண்ணும் துல்லியமான நேரமும் இல்லையென்றால் எந்த வீடு என்றே தெரியாது. ஐபி பொய் சொல்லாது என்பவர்கள் இதற்கு என்ன சொல்கிறார்கள்?

ஈரவிறகு:
நெட்வொர்க் பாடம் யார் எடுக்கிறார் என்று பார்த்தீர்களா? பிரவுசரில் மறைநிலைச் சாளரம் (இன்காக்னிட்டோ) திறந்தால் ஐபி மாறிவிடும் என்று முன்பு ஒருவர் இங்கே அறிவுரை சொன்னார். பெயர் சொல்ல வேண்டாம் என்று பார்க்கிறேன்.

மோடம்மணி:
அதை அன்று மாலையே திருத்தினேன். திருத்தியதற்கு நீங்கள் சிரிப்புக் குறி போட்டதும் நினைவிருக்கிறது. மனுஷன் ஒரு தடவை தவறினால் ஆயுள் முழுக்கச் சொல்லிக்காட்டுவீர்களா?

குறுக்குச்சால்:
திருத்தம் அச்சுப்பொறிக்குப் போயிருக்கும், உங்களுக்கு வந்திருக்காது.

ஈரவிறகு:
அச்சுப்பொறிக்கு எதுவும் போகவில்லை. வரவும் இல்லை. இதை எத்தனை தடவை எழுதுவது?

அப்புறம் 2008 கதையையே கட்டிக்கொண்டு அழுகிறவர்களுக்கு: அந்த ஆராய்ச்சியில் மாட்டியவை பட்டியலை மட்டும் பார்த்து, சம்பந்தப்பட்ட கணினியைத் தொட்டே பார்க்காமல் அனுப்பிய நோட்டீஸ்கள். கண்காணிப்பவர் நேரடியாக இணைந்து, கோப்பின் துண்டுகளை அந்த ஐபியிடமிருந்தே வாங்கிப் பார்க்கவும் வழி இருக்கிறது. அப்படிச் செய்தால் அச்சுப்பொறி துண்டு கொடுக்குமா? கொடுக்காது. ஆக, அச்சுப்பொறி விஷயம் செல்லாது.

தாழ்வாரம்:
இது நியாயமான பேச்சு, மறுக்கவில்லை. ஆனால் நேரடியாக இணைந்து பார்த்தாலும் கிடைப்பது ஐபிதான். விசைப்பலகையில் யார் கை இருந்தது என்று அது சொல்லாது. 2018 செப்டம்பரில் கனடா உச்ச நீதிமன்றம் ராஜர்ஸ் (இணைய நிறுவனம்) எதிர் வோல்டேஜ் (பட நிறுவனம்) வழக்கில் தீர்ப்பு சொன்னபோதே இதைக் குறிப்பிட்டிருக்கிறது: நோட்டீஸ் பெற்றவர்தான் மீறியவர் என்று ஆகிவிடாது.

ஈரவிறகு:
அந்த வழக்கு செலவை யார் ஏற்பது என்பதைப் பற்றியது. ஆளைக் கண்டுபிடித்துக் கொடுக்க ராஜர்ஸ் காசு கேட்டது. அதை இங்கே இழுக்காதீர்கள்.

தாழ்வாரம்:
செலவைப் பற்றியதுதான். போகிற வழியில் இதையும் சொன்னார்கள் என்றுதான் எழுதினேன். முழுவதும் படிக்காமல் பதில் போடும் பழக்கத்தை என்றைக்கு விடுவீர்கள்?

ஈரவிறகு:
நான் முழுவதும் படித்தவன். தம்பி மோடம்மணிதான் தலைப்பை மட்டும் படித்தவர்.

மோடம்மணி:
தம்பியா? என் வயது தெரியுமா உங்களுக்கு?

ஈரவிறகு:
மறைநிலைச் சாளரத்தை நம்பும் வயது என்று நினைத்தேன்.

குறுக்குச்சால்:
பயமுறுத்தல் கதையை யாரும் தொடவில்லையே. கனடாவில் சட்டம் வந்த அதே மாதம் சிலருக்கு 1,50,000 டாலர் வரை இழப்பீடு கட்ட நேரும் என்று நோட்டீஸ் வந்தது. அது அமெரிக்கச் சட்டத்தின் உச்சவரம்பு. கனடாவில் வணிக நோக்கமில்லாத மீறலுக்குச் சட்டம் வைத்திருக்கும் இழப்பீடு மொத்தமாகவே 5,000 டாலரைத் தாண்டாது. எல்லை தெரியாமல் மிரட்டியவர்கள் அவர்கள். நிறுவனங்களும் அதை அப்படியே அனுப்பிவைத்தன. 2018 டிசம்பரில்தான் நோட்டீஸுக்குள் 'இவ்வளவு கொடு, விட்டுவிடுகிறோம்' என்று பேரம் பேசக் கூடாது என்று சட்டத்தைத் திருத்தினார்கள். ஐபி பொய் சொல்லாது, சரி. நோட்டீஸ் சொல்லுமே!

கல்தூண்:
'பயமுறுத்தல்' அல்ல, 'அச்சுறுத்தல்'.

குறுக்குச்சால்:
அச்சுறுத்தல், அச்சுப்பொறி. இன்றைக்கு உங்களுக்கு நல்ல வேட்டை.

மோடம்மணி:
பிரான்சையும் பாருங்கள். 2009இல் ஹடோபி என்று ஒரு அமைப்பையே உருவாக்கினார்கள். மூன்று தடவை எச்சரிக்கை, அப்புறம் இணைப்பைத் துண்டிப்பது. அங்கேயும் யார் இறக்கினார் என்று நிரூபிக்க முடியாததால், 'உன் இணைப்பை நீ பாதுகாக்கவில்லை' என்பதையே குற்றமாக வைத்தார்கள். 2013இல் துண்டிக்கும் தண்டனையையும் எடுத்துவிட்டார்கள். அமெரிக்காவில் பெரிய நிறுவனங்கள் சேர்ந்து ஆறு எச்சரிக்கைத் திட்டம் ஒன்றை 2013இல் தொடங்கி 2017இல் மூடினார்கள். ஐபி அவ்வளவு உத்தமமானது என்றால் ஏன் மூடினார்கள்?

ஈரவிறகு:
அமெரிக்காவின் காக்ஸ் இணைய நிறுவனத்தை ஏன் மறந்துவிட்டீர்கள்? நோட்டீஸ் மேல் நோட்டீஸ் வந்தும் மீண்டும் மீண்டும் பகிர்ந்தவர்களைத் துண்டிக்கவில்லை என்று, 2019 டிசம்பரில் ஜூரி 100 கோடி டாலர் கட்டச் சொன்னது. பத்தாயிரத்துச் சொச்சம் படைப்புகள். நோட்டீஸ் வெறும் காகிதம் என்றால் 100 கோடி எதற்கு?

தாழ்வாரம்:
அந்தத் தொகையை 2024இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பாதியை மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள்.

ஈரவிறகு:
தொகையை ரத்து செய்தது, சரி. காக்ஸ் மீறலுக்குத் துணைபோனது என்ற முடிவை அதே நீதிமன்றம் ரத்து செய்யவில்லை. பாதியைச் சொன்னது நீங்கள்.

குறுக்குச்சால்:
இரண்டு பாதி சேர்ந்தால் ஒன்று ஆகும் என்பார்கள். இங்கே மூன்று ஆகிறது.

நாலாம்மாடி:
ஐயா, அம்மா, யாராவது. பதில் எழுதணுமா?

தாழ்வாரம்:
நீங்கள் கனடாவா? இங்கே என்றால் நோட்டீஸுக்குப் பதில் எழுதும் கடமை சட்டத்தில் இல்லை. அனுப்பியவருக்கு உங்கள் பெயர் தெரியாது, பதில் போட்டால் நீங்களே தெரிவித்ததாக ஆகும். அதிலிருக்கும் இணைப்பையும் சொடுக்காதீர்கள். நீதிமன்றத்திலிருந்து எதுவும் வந்தால் அது வேறு, அதைக் கிடப்பில் போடாமல் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். வைஃபை கடவுச்சொல்லை மட்டும் இன்றே மாற்றிவிடுங்கள்.

ஈரவிறகு:
கடவுச்சொல்லை மாற்றச் சொல்கிறார். அப்போது வீட்டுக்குள்ளிருந்துதான் யாரோ இறக்கியிருக்கிறார்கள் என்று அவருக்கே தெரிகிறது. ஐபி சரியான வீட்டைத்தான் காட்டியிருக்கிறது.

மோடம்மணி:
வீட்டை! நேற்று நீங்கள் எழுதியது "இறக்கியவன்" என்று. ஆள் என்றீர்கள், இப்போது வீடு என்கிறீர்கள். நாளைக்குத் தெரு என்பீர்களா?

ஈரவிறகு:
நேற்று நான் என்ன எழுதினேன் என்று எனக்குத் தெரியும். நீங்கள் அச்சுப்பொறிக்கு வந்தது என்று எழுதினீர்களா இல்லையா, அதைச் சொல்லுங்கள்.

மோடம்மணி:
எழுதினேன். வந்ததுதான்.

ஈரவிறகு:
வரவில்லை.

கல்தூண்:
நோட்டீஸ் என்பதை இன்னும் யாரும் மாற்றவில்லை.

நாலாம்மாடி:
தாழ்வாரம் அக்கா, நான் கனடா இல்லை.