கட்டி சார்க் மாதிரி: முன்முனைப் பட்டைகள் தூக்கிக்கொள்கின்றன, வழி சொல்லுங்கள்

வணக்கம். 1869-இல் ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டனில் கட்டிய ‘கட்டி சார்க்’ என்ற பாய்மரக் கப்பலின் மர மாதிரி செய்கிறேன். கப்பலின் உடலை மூடும் முதல் அடுக்குக்கு 5 மி.மீ. அகலம், 1.5 மி.மீ. கனமுள்ள லைம்வுட் (மென்மையான ஒரு மரம்) பட்டை. பட்டைகளைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களில் நடுச்சட்டத்தின் சுற்று 100 மி.மீ., அதாவது 20 பட்டை. முன்முனையில் 64 மி.மீ.தான். அதனால் முனையில் ஒவ்வொன்றையும் 3.2 மி.மீ.க்கு இழைத்திருக்கிறேன். பாதி அகலத்துக்கும் கீழே போனால் குண்டூசி குத்தும்போதே பிளந்துவிடும்.

வெந்நீரில் ஊறவைத்து, வளைத்து, காய்ந்த பிறகே ஒட்டுகிறேன். ஆனாலும் முன்முனையிலிருந்து முதல் மூன்று சட்டங்களில் பட்டையின் கீழ் விளிம்பு எழும்பி நிற்கிறது. கன வாக்கில் அழகாக வளையும் பட்டை அகல வாக்கில் மறுக்கிறது. சட்ட விளிம்புகளை இன்னும் சாய்வாகத் தேய்க்கலாமா, அல்லது இரண்டு பட்டைகளை முனைக்கு முன்பே ஒன்றில் முடித்துவிடலாமா?

இன்னொன்று: மேல்தளத்தில் சூப்பர் க்ளூ கசிந்த இடத்தில் வார்னிஷ் ஊறாமல் திட்டாகத் தெரிகிறது. 240 உப்புத்தாளுக்கும் போகவில்லை. பலகை 0.5 மி.மீ. கனம்தான், சுரண்டத் தயக்கம். அசிட்டோன் தொட்டால் அடியிலுள்ள பசையும் இளகுமா?