ஆர்பிட்டர் கேம்ல ஐ.எஸ்.எஸ்.ஸை (சர்வதேச விண்வெளி நிலையம்) துரத்த துரத்த தள்ளிப் போகுது, எங்க தப்பு பண்றேன்?

நிலவன்_77

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருஷம் கெர்பல்ங்கிற ராக்கெட் கேம் ஆடிட்டு இப்பதான் ஆர்பிட்டர் 2016ங்கிற விண்வெளி சிமுலேட்டருக்கு வந்திருக்கேன். அங்க 100 கிமீ உயரத்துல வினாடிக்கு 2.2 கிமீ வேகம் இருந்தா போதும், இங்க நிஜ பூமி, 7.7 கிமீ வேணும், அதுக்குப் பழகவே ஒரு வாரம் ஆச்சு.

டெல்டா கிளைடர் கப்பல்ல கென்னடி ஸ்பேஸ் சென்டர்லேர்ந்து நேரா கிழக்கு பாத்து ஏறினேன், ஆர்பிட் கிடைச்சுது, சந்தோஷம். ஆனா அலைன் பிளேன் எம்எஃப்டியை (ஆர்பிட் தளங்களை ஒப்பிட்டுக் காட்டுற காக்பிட் திரை) போட்டுப் பாத்தா ஸ்டேஷனோட ஆர்பிட் தளத்துக்கும் என்னோடதுக்கும் 30 டிகிரிக்கு மேல வித்தியாசம். சரி பண்ண அஞ்சு நிமிஷம் மெயின் எஞ்சினை விடாம எரிச்சேன். அதுக்கப்புறம் எப்படியோ 50 கிமீ பின்னாடி, கிட்டத்தட்ட அதே ஆர்பிட்ல வந்து நின்னாச்சு. மூக்கை ஸ்டேஷனுக்கு நேரா வெச்சு ஒரு 10 மீ/செ கூட்டினேன். பத்து நிமிஷம் நல்லா கிட்ட வந்துச்சு, அப்புறம் ஸ்டேஷன் மெதுவா எனக்குக் கீழ இறங்கி முன்னாடி ஓட ஆரம்பிச்சிருச்சு, ஒரு சுத்து முடிஞ்சு பாத்தா 200 கிமீக்கு மேல இருக்கு. நாலு ராத்திரியா இதேதான். யாராச்சும் சொல்லுங்க ப்ளீஸ்.

வடகிழக்கு

தம்பி, உங்க பிரச்சனை ஆகாயத்துல இல்ல, ரன்வேலயே ஆரம்பிச்சிருச்சு. ஐ.எஸ்.எஸ். சாய்வு, அதாவது அதோட ஆர்பிட் பூமத்திய ரேகைக்கு எவ்ளோ சாஞ்சிருக்குங்கிறது, 51.6 டிகிரி. நீங்க கிளம்பின கேப் கேனவரல் 28.5 டிகிரி வடக்குல இருக்கு, அங்கேர்ந்து நேர் கிழக்கா போனா உங்க சாய்வும் 28.5தான் வரும். மீதி 23 டிகிரியை மேல போய் திருப்பணும்னா 3 கிமீ/செக்கு மேல டெல்டா வி (வேக மாற்றம்) வேணும், அதுவும் ரெண்டு தளமும் வெட்டிக்கிற இடம் சாதகமா இருந்தாத்தான், உங்களுக்கு அதுவும் இல்லாததாலதான் 30 தாண்டிருச்சு. டெல்டா கிளைடர் கற்பனை கப்பல், அதுல பியூயல் தாராளம், அதனால தப்பு பண்ணினாலும் தாங்கும். ஆர்பிட்டர் கூடவே வர்ற அட்லாண்டிஸ் ஷட்டிலை எடுங்க, நிஜ ஷட்டிலோட ஓஎம்எஸ் (ஆர்பிட்டை மாத்துற) எஞ்சின் மொத்தமா குடுக்கிறதே சுமார் 300 மீ/செதான், 3 டிகிரி கூட திருப்ப முடியாது.

அதனால மேப் எம்எஃப்டில ஐ.எஸ்.எஸ்.ஸை டார்கெட்டா போட்டு, அதோட பாதைக் கோடு நீங்க கிளம்புற இடத்து மேல வர்ற வரைக்கும் டி கீயைத் தட்டி நேரத்தை ஓட்டுங்க. கோடு வடகிழக்கா ஏறிப்போற சமயத்துல கிளம்புங்க. திசை கணக்குக்கு 45 டிகிரி வரும், பூமி சுழற்சி ஏற்கனவே நமக்குக் குடுக்கிற கிழக்கு வேகத்தைக் கழிச்சா 42லேர்ந்து 43. ஒரு டிகிரிக்குள்ள வந்துட்டா மேல போய் 130 மீ/செ சில்லறையில முடிச்சிடலாம். நோடுக்கு, அதாவது ரெண்டு தளமும் வெட்டிக்கிற இடத்துக்கு, வந்தப்புறம் எரிக்க ஆரம்பிக்காதீங்க, எரிக்கிற நேரத்துல பாதி நோடுக்கு முன்னாடியே போயிடணும்.

கணக்கு_வாத்தியார்

அண்ணன் சொன்னது கிளம்புறதுக்கு. நான் அந்த 50 கிமீ விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா இதே தப்பை நிஜத்துல விண்வெளி வீரர்களே பண்ணிருக்காங்க. 1965 ஜூன்ல நாசாவோட ஜெமினி 4 கப்பல்ல மெக்டிவிட்டும் எட் வைட்டும் போனாங்க, தாங்கள் ஏறிவந்த டைட்டன் ராக்கெட்டோட மேல் அடுக்கு பக்கத்துலயே மிதந்துட்டு இருந்துச்சு. மெக்டிவிட் அதைக் குறி வெச்சு த்ரஸ்ட் குடுத்தாரு, அது தள்ளித் தள்ளிப் போச்சு, பியூயல் பாதி தீர்ந்ததும் விட்டுட்டாங்க. அதே வருஷம் டிசம்பர் 15ல ஜெமினி 6ஏ கணக்கு போட்டு கீழேர்ந்து ஏறி வந்து ஜெமினி 7க்கு ஒரு அடி தூரத்துல நின்னுச்சு. ஆறு மாசத்துல இவ்ளோ வித்தியாசம், எனக்கு இது எப்ப நெனச்சாலும் புல்லரிக்கும்.

விஷயம் என்னன்னா முன்னாடி தள்ளினா உங்க ஆர்பிட் பெருசாகுது, பெரிய வட்டத்தைச் சுத்த நேரம் அதிகம், அதனால பின்தங்கிடுவீங்க. இந்த உயரத்துல 1 மீ/செ மாத்தினா ஒரு சுத்துல 16, 17 கிமீ நகரும். நீங்க 10 குடுத்தீங்க, 167 கிமீ பின்னாடி போனீங்க, அந்த 50ஐயும் கூட்டிப்பாருங்க, நீங்க பாத்த அதே 200 சொச்சம். முன்னாடி இருக்கிறதைப் பிடிக்கணும்னா பின்பக்கம் திரும்பி 3 மீ/செ குறைங்க, சரியா ஒரு சுத்து, 92 நிமிஷத்துல அது பக்கத்துல இருப்பீங்க, அங்க அதே 3ஐத் திருப்பிக் குடுத்துடுங்க. ஆர்பிட் மோடுல வலது சதுர அடைப்புக்குறி கீ பின்பக்கம் திருப்பும், இடது முன்பக்கம்.

பவானி_ஆர்பிட்

வாத்தியார் சொல்றது சரி, ஆனா புதுசா வர்றவங்க அதே உயரத்துல போய் மாட்டிக்காம இருந்தா நல்லதுன்னு நான் நினைக்கிறேன். 200 கிமீல வட்டமா நில்லுங்க. அங்க ஒரு சுத்து 88 நிமிஷம் சொச்சம், ஐ.எஸ்.எஸ்.ஸுக்கு 92க்கு மேல, ஒவ்வொரு சுத்துக்கும் 16 டிகிரி நீங்களே கிட்ட போயிடுவீங்க, பியூயலே வேணாம். அது உங்களுக்கு சுமார் 4 டிகிரி முன்னாடி இருக்கும்போது மேல ஏற ஆரம்பிங்க, மொத்தம் 115 மீ/செ. சிங்க் ஆர்பிட் எம்எஃப்டில ரெண்டு பேரும் ஆர்பிட்டுங்க சந்திக்கிற இடத்துக்கு வர்ற நேரம் வரிசையா காட்டும், ரெண்டு நேரமும் ஒட்டி வர்ற மாதிரி எரிச்சா போதும்.

நிலவன்_77

அண்ணா, வாத்தியார், பவானி மூணு பேருக்கும் ரொம்ப நன்றி! நேத்து 43 டிகிரில கிளம்பினேன், வித்தியாசம் 0.6தான் வந்துச்சு, நம்பவே முடியல. பவானி சொன்ன மாதிரி கீழேர்ந்து ஏறி 4 கிமீ வரைக்கும் போயிட்டேன். ஆனா டாக்கிங் போர்ட் (ஸ்டேஷன்ல கப்பலை இணைக்கிற வாசல்) கிட்ட போனதும் ஆடுது, ஒரு பக்கம் சரி பண்ணா இன்னொரு பக்கம் போகுது.

வடகிழக்கு

சபாஷ் தம்பி. ஆடறதுக்குக் காரணம் வேகம். தூரத்துல ஆயிரத்துல ஒரு பங்குதான் வேகம்னு வெச்சுக்கங்க, 1000 மீட்டர்ல 1 மீ/செ, 100 மீட்டர்ல 0.1. முதல்ல நம்பர்பேட் 5ஐ அழுத்தி சுழற்சியை நிறுத்திடுங்க. அப்புறம் மூக்கு போர்ட்டோட அச்சுக்கு இணையா வரணும், அதுக்கப்புறம் மூக்கைத் தொடவே கூடாது, நம்பர்பேட்ல சாய்கோடு கீயைத் தட்டி ஆர்சிஎஸ்ஸை (சின்ன த்ரஸ்டர்கள்) நகர்த்துற மோடுக்கு மாத்திட்டு பக்கவாட்டுல மட்டும் தள்ளுங்க. நீங்க மூக்கைத் திருப்பித் திருப்பி சரி பண்றீங்கன்னு நினைக்கிறேன், அதான் ஒரு பக்கம் சரியானா இன்னொரு பக்கம் போகுது. அவசரமே வேணாம், நம்ம இஸ்ரோ 2025 ஜனவரில ஸ்பேடெக்ஸ் (ரெண்டு செயற்கைக்கோளை விண்வெளியில இணைக்கிற சோதனை) பண்ணப்ப 3 மீட்டர் வரைக்கும் கொண்டுபோய் பாத்துட்டுத் திரும்ப தள்ளி வந்துட்டாங்க, சில நாள் கழிச்சுதான் 16ஆம் தேதி இணைச்சாங்க. நீங்களும் ஆடினா 100 மீட்டர் பின்னாடி வந்து நின்னுட்டு மறுபடி போங்க.

நிலவன்_77

மூக்கைத் திருப்பிட்டுதான் இருந்தேன் அண்ணா, அதேதான். 100 மீட்டர்ல நிக்கிற இடத்துலயே சேவ் பண்ணி வெச்சிருக்கேன், இன்னைக்கு ராத்திரி அங்கேர்ந்து போறேன்.