கூட்ஸ் ஓடும் பாதையில் நீராவி எஞ்சினுக்கு என்ன வேலை? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மாயவரத்து ஓய்வுபெற்ற கார்டு:

34 ஆண்டுகள் ரயில்வேயில் கார்டாக இருந்தேன். பாதிக்கு மேல் கூட்ஸ் வண்டிதான். அந்த வேலையில் ஓடுவது கொஞ்சம், மற்ற வண்டிக்கு வழிவிட ஒதுங்கும் லூப் லைனில் காத்துக் கிடப்பது அதிகம். எக்ஸ்பிரஸ் போகட்டும், எதிரே வருவது வந்து சேரட்டும் என்று வண்டியின் கடைசியில் கார்டுக்கான பிரேக் வேனில் கொசுக்கடியோடு உட்கார்ந்து விடிந்த இரவுகள் எண்ணி மாளாது. கீழே சொல்லப்போவதை அந்தக் கண்ணோடுதான் பார்த்தேன். அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2024 அக்டோபரில் நானும் மனைவியும் டெக்சாஸில் மகள் வீட்டில் இருந்தோம். ஒரு நாள் காலை மாப்பிள்ளை, "மாமா, கிளம்புங்கள், உங்கள் இலாகா விஷயம்" என்று சொல்லி, ஹூஸ்டனுக்கு வடக்கே ஒரு சிற்றூரின் ரயில் கேட்டுக்கு அழைத்துப் போனார். தேர் பார்க்க நிற்பது போலக் கூட்டம். மடக்கு நாற்காலி, குடை, கைக்குழந்தை, அப்பாவின் தோளில் பிள்ளைகள். யூனியன் பசிபிக் ரயில் நிறுவனத்தின் 'பிக் பாய்' நீராவி எஞ்சின் வருகிறதாம். எண் 4014.

வரும்வரை மாப்பிள்ளை கைப்பேசியைப் பார்த்துக் கதை சொன்னார். 1941இல் கட்டிய எஞ்சின். இந்த வகையில் மொத்தம் 25தான் செய்தார்களாம். 1959இல் வேலை ஓய்ந்து, பிறகு கலிபோர்னியாவில் ஓர் அருங்காட்சியகத்தில் வெயிலில் நின்றதை, 2013இல் அதே நிறுவனம் திரும்பப் பெற்றிருக்கிறது. செயேன் நகரத்துப் பட்டறையில் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பூட்டி, கரிக்குப் பதில் எண்ணெய் எரியும்படி மாற்றி, 2019 மே மாதம் ஓட்டினார்கள். அமெரிக்காவைக் குறுக்கே இணைத்த ரயில்பாதை முடிந்து 150 ஆண்டு ஆனதற்கான விழா அது. இத்தனைக்கும் இது சரக்கு ஏற்றும் நிறுவனம். பயணி வண்டிகளை 1971லேயே ஆம்ட்ராக் என்ற பயணி ரயில் நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டது.

முதலில் செருப்புக்கு அடியில் ஜல்லி அதிர்ந்தது. அப்புறம் ஊதல், கப்பல் ஊதுவது போல அடித்தொண்டையில். வளைவு திரும்பி முகம் தெரிந்தபோது என் மனைவி என்னை அறியாதவள் போலப் பார்த்தாள், நான் அழுதுகொண்டிருந்திருக்கிறேன். பின்னால் எரிபொருளும் தண்ணீரும் சுமக்கும் டெண்டரோடு சேர்த்து 500 டன்னுக்கு மேல் எடை, 40 மீட்டர் நீளம். மாயவரம் ஜங்ஷனில் நான் பார்த்த ஒய்.பி. வகை மீட்டர்கேஜ் நீராவி எஞ்சின்கள் இதற்குப் பேரப்பிள்ளைகள். என் அப்பா அந்த ஒய்.பி.யில் கரி தள்ளும் ஃபயர்மேன். அவருடைய காக்கிச் சட்டை எல்லாவற்றிலும் தீப்பொறி பட்ட ஓட்டைகள் இருக்கும். அம்மா ஓட்டையைத் தைக்க மாட்டாள், "இன்றைக்குத் தைத்தால் நாளைக்குப் பக்கத்தில் இன்னொன்று" என்பாள்.

கரி வாசனைக்காக மூக்கை நீட்டினேன், வரவில்லை. எண்ணெய் எரிகிற எஞ்சின் ஆயிற்றே. ஆனால் சூடான சிலிண்டர் எண்ணெயும் நீராவியும் கலந்த ஒரு வாசனை உண்டு, அது வந்தது. அப்பா ஷிஃப்ட் முடித்து வந்து திண்ணையில் உட்காரும்போது வருகிற வாசனை.

சரி, அழுது முடித்தபின் பக்கத்து லைனைப் பார்த்தேன். இரண்டடுக்காகக் கன்டெய்னர் ஏற்றிய ஒரு நீளமான கூட்ஸ் நின்றுகொண்டிருந்தது. நாங்கள் வந்தபோதே நின்றது, பிக் பாய் போனபிறகும் நின்றது. கார்டு யாரென்று கடைசி வண்டிவரை நடந்து போய்ப் பார்த்தேன். ஆளே இல்லை. கொக்கியில் மாட்டிய ஒரு சிறு பெட்டி மட்டும் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. நான் ஆயுள் முழுக்கப் பார்த்த வேலையை அந்தப் பெட்டி பார்க்கிறது. அதற்குக் கொசுவும் கடிக்காது.

என் கேள்வி இதுதான். வருமானம் கூட்ஸில். பாதை கூட்ஸுக்கு. அதில் யாரும் டிக்கெட் வாங்காத ஓர் எஞ்சினை ஊர் ஊராக ஓட்டலாமா? பார்த்தவர்கள், அந்தக் காலத்தில் வேலை செய்தவர்கள் எழுதுங்கள்.

பொன்மலைப் பட்டறைக்காரன்:

கார்டு ஐயாவுக்கு வணக்கம். நான் பொன்மலை ரயில்வே பட்டறையின் பாயிலர் பிரிவில் இருந்தவன். ஊட்டி மலை ரயில் எஞ்சின்களின் பாயிலர்களில் கைவைத்தவன். நம் பட்டறையே உங்கள் பக்கத்துச் சரக்குதான். நாகப்பட்டினத்தில் இருந்ததை 1928இல் பொன்மலைக்குக் கொண்டுவந்தார்கள்.

ஓட்டத்தான் வேண்டும் என்பது என் கட்சி. காரணம் அழகு இல்லை. நிறுத்தி வைத்த பாயிலர் கெட்டுப்போகும், அதைவிட வேகமாக அதைத் தெரிந்த ஆள் கெட்டுப்போவான். நெருப்பு எரியும் ஃபயர்பாக்ஸின் தகடுகளைப் பிடித்து நிறுத்தும் ஸ்டே போல்ட்டைச் சுத்தியலால் தட்டி, வருகிற சத்தத்தை வைத்து அது முறிந்ததா இல்லையா என்று சொல்ல எனக்கு ஆறு வருஷம் ஆயிற்று. முறிந்த போல்ட் மொட்டையாகக் கேட்கும். இதை எந்தப் புத்தகமும் காதில் ஏற்றாது. 2021இல் ஊட்டி மலைக்கென்று கரியில் ஓடும் புது எக்ஸ் வகுப்பு எஞ்சினைப் பொன்மலையில் கட்டி முடித்தார்கள் என்றால், மலையில் வண்டி நிற்காமல் ஓடிக்கொண்டிருந்ததால்தான் முடிந்தது.

ஆனால் ஒன்று. பாயிலரோடு விளையாடக் கூடாது. ஃபயர்பாக்ஸின் கூரைத் தகட்டுக்கு மேலே எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும். அளவு காட்டக் கண்ணாடிக் குழாய் உண்டு. 1995இல் பென்சில்வேனியாவில் ஒரு சுற்றுலா நீராவி எஞ்சினில் அந்தக் குழாய்க்குப் போகிற வழி உப்புப் படிந்து அடைத்துவிட்டது. தண்ணீர் இறங்கியது தெரியவில்லை. கூரைத் தகடு பழுத்து விட்டுக்கொடுத்தது. கேபினில் இருந்த மூவருக்கும் கடும் தீக்காயம். அதற்குப் பிறகு அமெரிக்காவில் விதிகளைத் திருத்தினார்கள். இப்போது 1,472 வேலை நாட்கள் அல்லது 15 ஆண்டுகள், எது முந்துகிறதோ அப்போது பாயிலரை முழுக்கப் பிரித்துச் சோதிக்க வேண்டும்.

சொந்தப் பட்டறையும் கிரேனும் ஆளும் இருக்கிற பெரிய கூட்ஸ் நிறுவனத்தால் இதைச் செய்ய முடியும். உண்டியல் குலுக்கி எஞ்சின் ஓட்டும் சங்கம் எங்கே மிச்சம் பிடிக்கும்? தண்ணீரைச் சுத்தம் செய்வதில்தான் பிடிக்கும். அதனால்தான் சொல்கிறேன், இதை ஓட்டத் தகுந்தவர்கள் கூட்ஸ்காரர்களே.

நீடாமங்கலம் லாரிக்காரன்:

பெரியவர்கள் இருவரும் கோபிக்க வேண்டாம். எனக்கு இரண்டு லாரி. கொள்முதல் நிலையத்திலிருந்து நெல் மூட்டையை ஸ்டேஷன் யார்டுக்கு அடிக்கிறேன். ஒரு ரேக்குக்கு, அதாவது ஒரு முழுக் கூட்ஸ் வண்டிக்கு, 2,000 டன் நெல் ஏறும். ரேக் நேரத்துக்கு வரவில்லை என்றால் லாரி அத்தனையும் சாலையோரம் வரிசையில் நிற்கும், லோடுமேன்கள் மரத்தடியில் சீட்டாடுவார்கள், எனக்கு நாள் வாடகை போகும். போன சம்பா அறுவடையில் இப்படி ஒரு இரவு முழுக்க நின்றோம். விடியற்காலை தூறல் வேறு. தார்ப்பாயின் ஒரு மூலையைக் காற்று தூக்கிவிட, நாலு மூட்டை நனைந்து, கையை உள்ளே விட்டால் நெல் வெதுவெதுப்பாக இருந்தது. யார் பொறுப்பு? என் பொறுப்புதான்.

அந்தக் கன்டெய்னர் வண்டிக்குப் பின்னாலும் எங்கோ ஒரு லாரிக்காரன் நின்றிருப்பான். அவன் அழுததை யாரும் படம் பிடிக்கவில்லை. மற்றபடி எங்கள் ஊர் கேட்டில் நிற்கிற கூட்டத்துக்கு நீராவி எஞ்சினே தேவையில்லை, எந்த எஞ்சின் முன்னும் பின்னும் போனாலும் அரை ஊர் நின்று வேடிக்கை பார்க்கத்தான் செய்கிறது. வேறு வழி?

பாபநாசத்து அக்கா:

நான் ரயிலில் வேலை பார்த்தவள் இல்லை. லைன் ஓரத்து வீட்டில் வளர்ந்தவள். காலைப் பாசஞ்சர் போனபிறகுதான் அம்மா வேட்டி காயப்போடுவாள். அவசரப்பட்டு முந்திப் போட்டால் வெள்ளை வேட்டியில் மிளகு தூவியது போல இருக்கும். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கும்பகோணம் போனால் கண்ணில் கரித்தூள் விழும்; பாட்டி ஒரு சொட்டு விளக்கெண்ணெய் விட்டு இமையைப் புரட்டி, முந்தானை முனையால் எடுப்பாள்.

ஆனால் அதே கரிதான் எங்களுக்கு அடுப்பும். எஞ்சின் கொட்டிய சாம்பலைச் சலித்தால் வேகாத கரி கிடைக்கும். களிமண்ணும் சாணமும் சேர்த்து உருண்டை பிடித்துக் காயவைப்போம். உள்ளங்கை ரேகைக்குள் புகுந்த கறுப்பு மூன்று நாளைக்குப் போகாது. பள்ளிக்கூடத்தில் கையை நீட்டச் சொன்னால் எனக்கு உயிர் போகும். அதனால் 'அந்தப் பொற்காலம்' என்று யாராவது பேசினால் சிரிப்பு வருகிறது. இப்போது மேலே மின்கம்பி, எஞ்சினில் புகை இல்லை. கரி எஞ்சினை விட்டு வேகனில் ஏறிக்கொண்டது. கரி ரேக் ராத்திரி போகும்போது எழுந்து உட்கார்ந்து கேட்பேன்.

இன்னொன்று எழுத வேண்டும் என்று தோன்றியது. அதே 2024இல் கனடாவிலிருந்து மெக்சிகோ வரை 2816 என்ற நீராவி எஞ்சினை ஒரு சரக்கு ரயில் நிறுவனம் ஓட்டியது. ஜூனில் மெக்சிகோவில் தண்டவாளத்துக்கு மிக அருகே செல்ஃபி எடுக்கக் குனிந்த ஓர் இளம்பெண் எஞ்சின் இடித்து இறந்துபோனாள். கார்டு அண்ணா, உங்கள் மாப்பிள்ளை குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு எத்தனை அடி தள்ளி நின்றார்?

மாயவரத்து ஓய்வுபெற்ற கார்டு:

அக்கா கேட்டதற்கு முதலில். இருபது அடி இருக்கும். நான்தான் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன், பழக்கம். எங்களுக்கு முன்னால் நின்றவர்கள் அவ்வளவு தள்ளி நிற்கவில்லை. அதை எழுதாமல் விட்டது என் பிழை.

பொன்மலைக்காரர் சொன்னதைத் தலைகுனிந்து ஏற்கிறேன். அப்பாவும் அதையேதான் சொல்வார், "கண்ணாடியைப் பார்க்காதவன் கரி தள்ளக் கூடாது" என்று.

லாரிக்காரத் தம்பிக்கு ஒரு செய்தி. 2023 ஜூலையில் நெப்ராஸ்காவில் பிளேர் என்ற ஊரில் ஒரு கூட்ஸ் ஏற்றத்தில் ஏற முடியாமல் நின்றுவிட்டது. பின்னால் வந்த இதே பிக் பாய்தான் அதைத் தள்ளி ஏற்றிவிட்டது. உடனே துள்ள வேண்டாம், பிக் பாயோடு எப்போதும் ஒரு டீசல் எஞ்சினையும் கோத்துத்தான் ஓட்டுகிறார்கள், அதுவும் சேர்ந்துதான் தள்ளியது. ஆண்டு முழுக்க ஓடி ஒரே ஒரு நாள் கூட்ஸுக்கு உதவினால் கணக்கு நேராகிவிடாது. 90,000 லிட்டருக்கு மேல் தண்ணீர் கொள்ளும் டெண்டர், அது போதாமல் பின்னால் தனித் தண்ணீர் வண்டி. செலவைக் கேட்டால் கணக்குப்பிள்ளைக்கு மயக்கம் வரும்.

இப்போது என் கட்சியைச் சொல்கிறேன். ஓட்டட்டும். ஆனால் விருந்தாளியாக ஓட்டட்டும். கட்டுப்பாட்டு அறையில் நான் இருந்தால் பிக் பாயை லூப்பில் போட்டுக் கன்டெய்னரை முதலில் விடுவேன். எஞ்சின் நிற்கும்போதுதானே பிள்ளைகள் பக்கத்தில் போய்ச் சக்கரத்தைத் தொட்டுப் பார்க்கலாம், டிரைவரும் எண்ணெய்க் குடுவையோடு இறங்கி வருவார். ஓடும்போது பார்த்தால் ஒரு நிமிஷம்கூட இல்லை.

நீடாமங்கலம் லாரிக்காரன்:

அப்படியென்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை ஐயா. ரேக் வந்துவிட்டதாகப் போன் வந்திருக்கிறது. மூட்டை அடித்துவிட்டு வந்து மீதியைப் படிக்கிறேன்.