நாவலை எழுதி முடிக்கச் சென்னையில் ஓர் இடம்: ஆலோசனை வேண்டுகிறேன்

குழு நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் சிறிய வீட்டில் பகலெல்லாம் பேச்சும் தொலைக்காட்சியுமாக இருப்பதால், நான் எழுதிவரும் நாவலின் பிற்பகுதியை முடிக்கச் சென்னையில் ஒரு நிலையான இடத்தைத் தேடுகிறேன். அசோகமித்திரன் தியாகராய நகர் நடேசன் பூங்காவில் அமர்ந்து எழுதியதை அறிந்து நானும் பூங்காவில் எழுதிப் பார்த்தேன். பேனாவால் முதல் வரைவை எழுத அது மிகவும் ஏற்ற இடம். ஆனால், இரண்டாம் வரைவை மடிக்கணினியில் தட்டச்சு செய்ய மேசையும் மின் இணைப்பும் இன்றியமையாதவை.

கோட்டூர்புரத்தில் 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்த நூல்களைக் கொண்டுவந்து படிப்பதற்கெனத் தனிப் பிரிவு உண்டு. தேர்வுக்குப் படிப்பவர்கள் நிறைந்திருக்கும் அவ்விடத்தில் நெடுநேரம் தட்டச்சு செய்வது அவர்களுக்கு இடையூறாகுமா, வார நாள்களில் எந்த நேரத்தில் இருக்கை எளிதில் கிடைக்கும் என்பதை அங்கு சென்று பழகியவர்கள் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும். எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் அமர்ந்து எழுதுவோரின் அனுபவத்தையும் அறிய விரும்புகிறேன்.

கையெழுத்துப் படியை உரக்க வாசித்துக் குரல்வழித் தட்டச்சு செய்வோர் இங்கே இருக்கிறீர்களா? விவரிப்புப் பகுதிகள் ஓரளவு சரியாகவே வருகின்றன. வட்டார வழக்கில் அமைந்த உரையாடல்களோ சிதைந்துவிடுகின்றன. நாவலின் உயிரே அவ்வுரையாடல்கள்தாம் என்பதால், இதற்கு வழி கண்டவர்கள் அருள்கூர்ந்து விரிவாக எழுதுங்கள்.