புதுப்பிப்பு: இல்லாத காலில் வலி, கண்ணாடிப் பயிற்சி கைகொடுத்தது

ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்த பிறகும் இல்லாத பாதத்தில் விரல்கள் முறுக்கிக்கொண்டு வலிக்கிறது, தூக்கமே இல்லை என்று முன்பு இங்கே புலம்பியிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலன் கொடுத்தது கண்ணாடிப் பயிற்சிதான், 1990களில் நரம்பியல் விஞ்ஞானி வி.எஸ். ராமச்சந்திரன் கொண்டுவந்த முறை. பிசியோதெரபிஸ்டிடம் கேட்டுவிட்டு, நீளமான கண்ணாடியைக் கால்களுக்கு நடுவில் நிறுத்தி, இல்லாத காலின் இடத்தில் தெரியும் நல்ல காலின் பிம்பத்தைப் பார்த்தபடியே தினமும் கொஞ்ச நேரம் விரல்களை மெதுவாக மடக்கி விரித்தேன், முறுக்கு அப்படியே பிரிவது போல் இருக்கும். வலி முழுசாகப் போகவில்லை, ஆனால் தூங்க முடிகிறது. எரிச்சலுக்கு மட்டும் இது கேட்கவில்லை, மாத்திரை தொடர்கிறது.

எதிர்பாராதது, முதல் தடவை இரண்டு காலையும் சேர்த்துப் பார்த்ததும் அழுதுவிட்டேன். அப்புறம், இதே நிலையில் இருக்கும் ஒருவரோடு பேசச் சொன்னீர்களே, வேண்டாவெறுப்பாகத்தான் ஆரம்பித்தேன். இப்போது வாராவாரம் நானே கூப்பிடுகிறேன்.